வாத்துக்காலில் வென்ற நைலோன் வலை

நான் ஒரு சாம்பியன். இதை எழுதும்போதே காது சுடுகிறது.

அறுபதுகளில் கொழும்புக் கிளப் ஒன்றில், காலில் நீண்ட றப்பர்த் துடுப்புகளை மாட்டிக்கொண்டு நீந்தும் போட்டி நடந்தது. மூச்சடக்கி நீருக்கடியில் போகும் பிரிவில் நான் முதலாவது. (போட்டியிட்டவர்கள் இரண்டு பேர். மற்றவருக்கு வயிற்றுவலி.)

அந்தப் பட்டத்தோடும் துடுப்புகளோடும் முல்லைத்தீவுக் கந்தோர் ஒன்றுக்குக் கிளாக்கராக வந்து சேர்ந்தேன். அடுத்த மாதமே பக்கத்து நாயாற்று மீனவர்களின் கோயில் பெருநாள். கடலோரத்து உவர்நீர்க் களப்பை முதலில் நீந்திக் கடப்பவருக்குப் பரிசு, புத்தம்புது நைலோன் வலை. பருத்தி வலையின் கிழிசலைப் பொத்திப் பொத்தியே காலம் தள்ளிய ஊருக்கு அது எப்படிப்பட்ட பொருள் என்று இருபத்திரண்டு வயதுக் கிளாக்கருக்கு உறைக்கவில்லை. பெயரைக் கொடுத்துவிட்டேன்.

கரையில் விரிவுரை வேறு. "இதிலை மூண்டு வகை இருக்கு. குழாயாலை மூச்சு விட்டுக்கொண்டு மேலாலை போறது ஒண்டு. முதுகிலை காத்துச் சிலிண்டரோடை அடியாலை போறது ஒண்டு. மூச்சை அடக்கிக்கொண்டு போறது மற்றது. அதிலைதான் நான் சாம்பியன்."

"மூச்சை அடக்கினால் பரிசோ?" என்றார் சங்கு குளிக்கும் ஒருவர், உண்மையாகவே ஆச்சரியப்பட்டு.

என் றப்பர் 'வாத்துக்காலை'க் கண்டு எல்லோரும் விலகிக்கொண்டார்கள். மிஞ்சியவர் சூசையண்ணை மட்டும். நாற்பது தாண்டிய மீனவர். என்னைத் துடுப்போடு நீந்தவிடலாமா என்று போட்டி நடத்தியவர்கள் அவரிடம் கேட்டதற்கு, "போடட்டும், பாக்க ஆசையாக் கிடக்கு" என்றார்.

எங்களைத் தோணியில் அக்கரைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். இக்கரைக் கொடிக்கம்பை முதலில் தொடுபவர் வென்றவர். துடுப்போடு நாலடி நடந்த நான் சேற்றில் குப்புற விழுந்தேன். எழும்பும்வரை சூசையண்ணை காத்து நின்றார்.

பாதி வழியில் அவர் முன்னால். என் பிரிவைக் காட்டுவோம் என்று அடியில் போனேன். கம்புகளில் கட்டியிருந்த கட்டுவலை ஒன்று துடுப்பைப் பிடித்துக்கொண்டது. சாம்பியனின் மூச்சு சட்டென்று தீர்ந்தது. எம்பித் தலையை நீட்டி, "அண்ணை! அண்ணை!" என்று கத்தினேன்.

அவர் திரும்பி வந்தார். முக்குளித்துக் காலை விடுவித்தார். "ஒண்டுமில்லைத் தம்பி, மெல்லப் போங்கோ" என்றுவிட்டு, யாரோ ஒருவருடைய அந்த வலையைத் திரும்பக் கம்பில் கட்டத் தொடங்கினார்.

நான் போனேன். மெல்ல அல்ல. இரண்டு துடுப்பாலும் அடித்து, ஒருமுறைகூடத் திரும்பிப் பாராமல் போய்க் கொடிக்கம்பைத் தொட்டேன்.

வலையைத் தந்தார்கள். என் வாய் திறக்கவில்லை. பின்னால் வந்து சேர்ந்த சூசையண்ணை தலையைத் துவட்டத் தொடங்கினார். அவருடைய மனைவி திரேசம்மாதான் கிட்ட வந்து வலையைத் தடவிப் பார்த்தா.

"தம்பி, இதை வைச்சுக் கந்தோரிலை என்ன பிடிக்கப் போறியள்?"

அன்றிரவு வலை என் அறையில் கிடந்தது. நான் நித்திரையின்றிக் கிடந்தேன். விடிந்ததும் சைக்கிளில் கட்டிக்கொண்டு சூசையண்ணை வீட்டுக்குப் போனேன்.

"அண்ணை, நான் வெல்லேல்லை. இதை நீங்கள் வைச்சிருங்கோ."

"அதை எனக்கேன் சொல்லுறியள்? எனக்குத் தெரியுந்தானே. கை தட்டின சனத்துக்கெல்லோ சொல்லவேணும்."

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சனம் வெளியே வந்தபோது, கோயில் வாசலில் வலையோடு நின்று எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லி முடித்தும் ஒருவர் முகத்திலும் அதிர்ச்சி இல்லை. திரேசம்மா வலையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டா.

"நீங்கள் கத்தினது கரைவரைக்கும் கேட்டது தம்பி. எப்ப வாயைத் திறப்பியள் எண்டுதான் பாத்துக்கொண்டிருந்தனாங்கள்."

கதை எனக்கு முன்னாலேயே ஊர் ஊராகப் போனது. வற்றாப்பளையில் எனக்குப் பெண் பேசியபோது அங்கேயும் போயிருந்தது. இன்றைக்கும் சந்தையில் நான் நாலடி முன்னால் நடந்துவிட்டால் போதும், சனத்துக்கு நடுவில் என் மனைவியின் குரல் கேட்கும்:

"இஞ்சருங்கோ சாம்பியன், பின்னாலை ஒரு ஆள் வருகுது. ஒருக்கால் திரும்பிப் பாருங்கோ!"