இல்லாத ஆறு

நம்மிடையே ஓர் இனம் உண்டு. அணுவின் படத்தைக் காட்டினால் "இப்படி ஒரு அணு கிடையவே கிடையாது" என்பார்கள். மழை எச்சரிக்கை வந்தால் "கம்ப்யூட்டர் எழுதின கதை" என்பார்கள். கற்பனை என்ற சொல்லுக்கே தாம்தான் காவல்காரர் என்பதுபோல் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொள்வார்கள். அவர்கள் சொல்வது தப்பா? அதுதான் இல்லை. அங்கேதான் தொல்லையே.

தத்துவப் பேராசிரியர் ஒருவர் இந்த இனத்தில் முதல் தரம். விஞ்ஞான மாதிரிகள் எல்லாம் கட்டுக்கதைகளே என்று பதினோரு வருடமாகக் கையாலேயே ஒரு புத்தகம் எழுதி வந்தார். அதன் தாள்கட்டு கீழ் அலமாரியில் இருந்தது.

ஒரு மத்தியானம், வெள்ள முன்னறிவிப்பு அலுவலகத்தில் வேலை பார்க்கும் அவருடைய தங்கை வந்தாள்.

"அண்ணா, நாளைக்குக் காலைல உங்க தெருவுல இடுப்பளவு தண்ணி வரும். சாமானையெல்லாம் மாடிக்கு ஏத்திடு."

"உங்க கணக்குல ஆத்தோட அடித்தரை ஒரே சீரா இருக்குன்னு வெச்சிருக்கீங்க. கரையைக் கோடு கிழிச்ச மாதிரி வரைஞ்சிருக்கீங்க. அப்படி ஒரு ஆறு உலகத்துல உண்டா?"

"இல்லை."

பேராசிரியருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. எதிராளி இவ்வளவு சீக்கிரம் ஒப்புக்கொண்டு அவர் பார்த்ததில்லை.

"அந்த இல்லாத ஆறுதான் நாளைக்கு வருது. நான் போய் மத்த தெருவுக்கும் சொல்லணும்."

அவள் போனதும் அவர் அந்த ஒப்புதல் வாக்குமூலத்தை ஒரு தாளில் குறித்து, கட்டோடு சேர்த்துவைத்துவிட்டு, நிம்மதியாகத் தூங்கினார்.

விடிந்ததும் ஆறு வாசற்கதவைத் தட்டாமலே உள்ளே வந்தது. மாடிப்படியில் நின்றபடி பேராசிரியர் அளந்து பார்த்தார். இடுப்புக்கு நாலு விரல் கம்மி. தப்புக் கணக்கு என்று ஒரு கணம் முகம் மலர்ந்தது. அடுத்த கணம் கீழ் அலமாரி நினைவுக்கு வந்து, படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பதினோரு வருடம்.

"மேலதான் இருக்கு," என்றாள் மனைவி.

"எப்ப ஏத்தினே?"

"நேத்தே."

"அது கற்பனைன்னு அவ்வளவு தூரம் சொன்னேனே."

"நீங்க சொன்னதையும் கேட்டேன், அவ சொன்னதையும் கேட்டேன். அவ சொன்னதை வெச்சுத்தான் ஏதாவது செய்ய முடிஞ்சுது."

புத்தகம் இன்னும் வளர்கிறது. 'கட்டுக்கதைகளே' என்று வரும் இடங்களில் எல்லாம் அதற்கு முன்னால் இப்போது 'பயனுள்ள' என்று பென்சிலால் ஒரு சொல் ஏறியிருக்கிறது. பேனாவால் எழுத இன்னும் மனம் வரவில்லை.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் "இப்படி ஒரு பேராசிரியர் எங்கேயும் இருக்க மாட்டார், இதெல்லாம் எழுதுகிறவர் கட்டிவிட்ட கதை" என்று உங்கள் நாக்கு நுனிவரை வந்திருந்தால், தயவுசெய்து உங்கள் தாள்களையும் கொஞ்சம் மேலே எடுத்து வைத்துவிடுங்கள்.