சல்லடையாரின் வெள்ளி வலை

உலகத்தில் வெள்ளியைப் பற்றி நகைக்கடைக்காரர்களைவிட அதிகம் பேசி, ஒரு குண்டுமணி அளவுகூட விற்காத மனிதர் சல்லடையார் ஒருவர்தான்.

அப்போது நான் திருப்பூரில் ஒரு சாயப் பட்டறையில் லேப் பார்த்துக்கொண்டிருந்தேன். எல்லார் சட்டைப் பையிலும் செல்போன் ஏறிக்கொண்டிருந்த காலம். சல்லடையார் பையில் மட்டும் கைக்குட்டை அளவு வெள்ளி வலை ஒன்று இருக்கும். முடி மாதிரி மெல்லிய சுத்த வெள்ளிக் கம்பியில் நெய்தது. பட்டறைக் காற்றுப் பட்டால் அது கறுத்துவிடும். தினமும் பல்பொடி போட்டுத் தேய்ப்பார். பல்லுக்கு அந்தக் கவனிப்பு கிடையாது.

பிழைப்புக்கு அவர் பட்டறைகளுக்கு விற்றது, துணி வெளுக்கிற மருந்துத் தொட்டியில் உதிரும் பஞ்சைப் பிடிக்கிற ஸ்டீல் வலை. வாய் விற்றது வெள்ளி வலை.

“கரண்டு ஓடறதுல இதை மிஞ்ச இன்னொண்ணு இல்லீங்க, லேப் சார். ஃபார்மலின் பண்ற கம்பெனியில இது இல்லாட்டி வேலையே ஓடாதுங்க. கிருமி இதைப் பார்த்தாலே செத்துருமுங்க.”

“நமக்கு பனியன் துணி வெளுத்தாப் போதுமுங்களே?”

“அதுக்கும் ஆகுமுங்க. எப்படின்னுதான் இன்னும் தெரியலீங்க.”

ஒருநாள் மேனேஜரின் போனை வாங்கி வலைக்குள் பொட்டலம் கட்டி, “இனி சிக்னல் உள்ள வராதுங்க” என்றார். வரவில்லை. அந்த அரை மணி நேரத்தில் முதலாளி ஏழு தடவை கூப்பிட்டிருந்தார். மேனேஜருக்கு அறிவியல் மேல் இருந்த ஆசை அன்றோடு விட்டது.

அடுத்த வாரம் தொட்டியின் ஸ்டீல் வலை கிழிந்தது. “புதுசு நாளைக்குத்தானுங்க வரும். இன்னைக்கு வெள்ளியைக் கட்டிப் பாக்கலாமுங்களா?” என்றார் சல்லடையார். உள்ளே இருந்தது துணி வெளுக்கிற பெராக்சைடும் சோப்பு எண்ணெயும். வெள்ளி பட்டால் பெராக்சைடு பொங்கும் என்று படித்தவன் நான். படித்தது ஞாபகம் வருவதற்குள் “சரி” என்றுவிட்டேன்.

தொட்டி சீறியது. நுரை எழுந்து, வழிந்து, படியிறங்கி, வாசலில் நின்ற முதலாளி காரின் டயரைத் தொட்டுப் பார்த்தது.

“ஏனுங்க, எங்க மேல ஏதாச்சும் கோவமுங்களா?” என்றார் முதலாளி. எங்கள் ஊரில் கொலைவெறியும் மரியாதையாகத்தான் வரும். “யாருங்க இதைக் கட்டச் சொன்னது?”

நான் குனிந்து டயரில் ஒட்டிய நுரையைத் துடைத்தேன். வீட்டில் இரண்டு குழந்தைகள்.

“லேப் சார் வேண்டாம்னுதானுங்க சொன்னாரு. நாந்தான் கேக்கலீங்க” என்றார் சல்லடையார். வெளியே போகும்போது என் காதில், “பாத்தீங்களா, எப்பேர்ப்பட்ட சுத்த வெள்ளி!” என்று மகிழ்ந்துகொண்டார். அவருடைய பெரிய கஸ்டமரே நாங்கள்தான். இனி உள்ளே விடக்கூடாது என்று வாட்ச்மேனுக்கு உத்தரவாயிற்று. நான் லேபுக்குத் திரும்பிப் போனேன்.

பத்து நாள் கழித்து, கப்பலேற வேண்டிய வெளிர்நீலத் துணி திட்டுத் திட்டாக வந்தது. சாயத்தை மாற்றினோம். அப்படியேதான் வந்தது. வேறு வழியில்லாமல், சாயத்துக்கு முந்தின அலசல் தண்ணீரை டம்ளரில் பிடித்துக்கொண்டு எதிர் டீக்கடைக்கு ஓடினேன். பட்டறைக்கு வருகிற வழக்கமான கிழமை, வழக்கமான நேரம், சல்லடையார் அங்கே உட்கார்ந்திருந்தார். அவர் வலையை முக்கினார். கம்பியெல்லாம் குட்டிக் குட்டிக் குமிழி.

“பெராக்சைடு இன்னும் போகலீங்க, லேப் சார். அதான் சாயத்தைத் தின்னுது. இன்னும் ரெண்டு தண்ணி அலசுங்க.”

அலசினோம். மிச்சத் துணி ஒரே நீலமாக வந்தது. இந்தத் தடவை முதலாளியிடம் நடந்தது அத்தனையும் சொன்னேன், அன்றைக்கு வெள்ளியைக் கட்ட “சரி” சொன்னது யார் என்பது உட்பட. அவர் தன் கார் டயரை ஒரு தடவை எட்டிப் பார்த்துக்கொண்டார்.

“அவரை வரச் சொல்லுங்க. அந்த வலையை மட்டும் வாசல்லயே வெச்சுட்டு வரச் சொல்லுங்க.”

போய்ச் சொன்னேன். சல்லடையார் முகம் சுருங்கியது. “அதை விட்டுட்டு நான் மட்டும் எப்படீங்க வர்றது?”

கடைசிவரை வரவில்லை. வாரா வாரம் நான்தான் அலசல் தண்ணீர் டம்ளரோடு டீக்கடைக்குப் போய்க்கொண்டிருந்தேன்.