அரக்கனின் இடது புருவம்

மதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மாப்பிள்ளை பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் மகளும் குழந்தையும் நலம். இதைப் படித்து முடித்த பிறகும் அங்கே நீங்களும் அத்தையும் நலமாக இருக்க வேண்டும் என்பதே என் கவலை. ஆகவே, நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, ஒரு டம்ளர் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு படிக்கவும். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நீங்கள் ஒரு தடவை “ம்” என்றாலே எனக்குச் சொல்ல வந்தது மறந்துவிடுகிறது.

இன்ஷூரன்ஸ் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு, முப்பத்தாறு வயதில் கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் கற்கப் போகிறேன் என்று சொன்ன அன்று நீங்கள் திட்டவில்லை. இடது புருவத்தை மட்டும் தூக்கினீர்கள். முப்பது வருஷம் டிரைவிங் லைசென்ஸ் ஆபீஸில் தேர்வு அதிகாரியாக இருந்து, எத்தனையோ பேரை அந்த ஒரு புருவத்தாலேயே ஃபெயிலாக்கியவர் நீங்கள். கல்யாணத்துக்கு முன் என்னையும் இரண்டு தடவை ஃபெயிலாக்கினீர்கள். அது நியாயம்தான், குறை சொல்லவில்லை. அந்தப் புருவத்துக்குப் பயந்துதான் இந்த எட்டு மாதமும் விழுந்து விழுந்து கற்றேன். டிரெய்னியாகச் சேர்ந்த கிராபிக்ஸ் கம்பெனியில் முதல் மூன்று மாதம் கம்ப்யூட்டரில் வெறும் கல் செய்தேன். ஆற்றுக் கல், மலைக் கல், பாசி பிடித்த கல். எங்கள் டீம் லீட் என்னைவிடப் பன்னிரண்டு வயது சின்னப் பெண். என் கல்லைத் திரையில் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, “சார், இது கல்லா, உருளைக்கிழங்கா?” என்று கேட்டாள். அவள் கேட்ட பிறகு எனக்கே சந்தேகம் வந்துவிட்டது.

போன மாதம் ஒரு பூட்டு விளம்பரம் வந்தது. கதவை உடைக்க வரும் அரக்கன் பூட்டோடு மல்லுக்கட்டித் தோற்று, வாசற்படியில் உட்கார்ந்து தேம்பித் தேம்பி அழ வேண்டும். அவன் முகத்தைச் செய்துகொண்டிருந்தவர் கழுத்து பிடித்துக்கொண்டு லீவில் போய்விட, அது என் தலையில் விழுந்தது. “வெள்ளிக்கிழமைக்குள்ள சரியா வரலைன்னா உங்க டிரெய்னிங்கை இதோட முடிச்சுக்கலாம்னு மேல சொல்றாங்க சார்” என்றாள் லீட். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கண்ணாடி முன்னால் நின்று பல்லைக் கடித்து, என் முகத்தையே பார்த்துச் செய்து, லீடிடம் கொண்டுபோய்க் காட்டினேன். “சார், இவன் கதவை உடைக்க வந்த மாதிரி இல்லையே. லீவு கேக்க வந்த மாதிரி இருக்கான். பாத்தா வயித்தைக் கலக்கணும். உங்களுக்கு யாரைப் பாத்தா பயம்?”

மாமா, எனக்குப் பொய் சொல்ல வராது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் வந்திருந்தபோது, சாப்பிட்டுவிட்டு நீங்கள் சாய்வு நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தீர்கள். நான் உங்களைச் சுற்றி வந்து நாற்பத்து மூன்று போட்டோ எடுத்தேன். நாற்பத்து நாலாவதுக்கு நீங்கள் ஒரு கண்ணை மட்டும் திறந்து, “என்ன?” என்றீர்கள். “வெளிச்சம் பாக்கறேன் மாமா.” “வெளிச்சம் ஜன்னல் பக்கம் இருக்கு.” நான் ஜன்னல் பக்கம் போய் திரைச்சீலையை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை முகம் தயார். லீட் ஒரு அடி பின்னால் போய், “ஐயோ, அந்த இடது புருவம்!” என்று கைதட்டினாள். அப்போதுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. அடையாளம் தெரியாமலிருக்கப் பச்சை நிறம் அடித்தேன், இரண்டு கொம்பு வைத்தேன், கோரைப்பல் வைத்தேன். மாற்ற மாற்ற உங்கள் சாயல்தான் கூடியது. காட்சிக்கு வெளிச்சம் அமைப்பவர் எட்டிப் பார்த்துவிட்டு முகம் வெளிறி, “இவரை எங்கேயோ பாத்திருக்கேன். என் பக்கத்து சீட்ல உக்காந்து, ‘வண்டியை ஓரம் கட்டுங்க’ன்னு சொல்லியிருக்கார்” என்றார். நான் மானிட்டரையே அணைத்துவிட்டேன்.

பிறகு உங்களை அழ வைக்க வேண்டியிருந்தது. உதட்டைப் பிதுக்கி, தாடையை நடுங்க விட்டு, முதல் சொட்டுக் கண்ணீரை வைத்தபோது என்னையறியாமல், “மன்னிச்சிடுங்க மாமா” என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன். ஆபீஸே திரும்பிப் பார்த்தது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். உங்கள் கண்ணோரச் சுருக்கங்களை ஒவ்வொன்றாகப் போடும்போதுதான் அவை கோபத்தால் வந்தவை இல்லை என்று தெரிந்தது. என்னைப் போன்றவர்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்திருக்க, முப்பது வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து ரோட்டையே பார்த்ததால் விழுந்த சுருக்கங்கள் அவை. பயந்தது நான் மட்டும்தான் என்று நினைத்திருந்தேனே!

கணினி அந்தக் காட்சியை முழுப் படமாக வடித்துத் தரப் பத்தொன்பது மணி நேரம் எடுத்தது. அதற்குள் கரண்ட் போகாதா என்று ஏங்கினேன். சனியன், ஒரு தடவைகூடப் போகவில்லை. நாளை முதல் டிவியில் வருகிறது. அதுகூடப் பரவாயில்லை, நீங்கள் விளம்பரம் வந்தால் சேனலை மாற்றிவிடுவீர்கள். ஆனால் நாற்பதடி உயரப் பலகை ஒன்றும் வைக்கிறார்கள். எங்கே தெரியுமா? நீங்கள் வேலை பார்த்த லைசென்ஸ் ஆபீஸுக்கு நேர் எதிரே. தயவுசெய்து ஒரு மாதம் மாலை நடையை வேறு பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். என்னை வேலையில் நிரந்தரமாக்கியிருக்கிறார்கள். அந்த நல்ல சேதியைக்கூட நிம்மதியாகச் சொல்ல முடியவில்லை.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் வராமல், என் மேல் இருக்கும் கொஞ்சநஞ்சப் பிரியமும் தேயாமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,

உங்கள் மாப்பிள்ளை.

(உறையின் பின்பக்கம்)

பின்குறிப்பு: மாமா, நில்லுங்கள், பிரிக்காதீர்கள்! அத்தை இப்போதுதான் போன் செய்தார்கள். விளம்பரம் ஒரு நாள் முன்னதாகவே வந்துவிட்டதாம். நீங்கள் அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரித்து, “அப்படியே நம்ம சம்பந்தி! மாப்பிள்ளைக்கு என்ன தைரியம் பாரு, பெத்த அப்பனையே அழ வெச்சிருக்காரு!” என்று பக்கத்து வீட்டாரையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினீர்களாம். இதைக் கிழித்துப் போட்டிருப்பேன். ஆனால் உங்கள் மகள் அத்தையின் கண் டாக்டர் சீட்டையும் உள்ளே வைத்து, உறை முழுக்கப் பசையைத் தடவிவிட்டாள். எனவே அத்தையே பிரித்துச் சீட்டை மட்டும் எடுத்துக்கொள்ளட்டும். உள்ளே எழுதியிருப்பது அத்தனையும் தவறு. அந்த முகம் என் அப்பாவுடையதுதான். அவர் சற்று முன் போன் செய்து, “டிவில வர்றது யாருடா?” என்று கேட்டார். உங்கள் பெயரைச் சொல்லியிருக்கிறேன்.