போன் குழுத் தலைவர்

பக்கவாதத்தைப் பற்றி அந்த அலுவலகத்துக்குத் தெரிந்த அளவு பக்கவாதத்துக்கே தெரியாது. விழிப்புணர்வு வாரம் தொடங்கியதிலிருந்து மாடிப்படி, லிஃப்ட், கழிப்பறைக் கதவு என்று எங்கே திரும்பினாலும் கோணிய வாயோடு ஒரு படம் தொங்கியது. 'உப்பைக் குறை, புகையை விடு, ரத்த அழுத்தத்தைப் பார்' என்று அதன் கீழே எழுதியிருந்ததை, சிகரெட் பிடிக்கப் போகிறவர்கள்கூட நின்று படித்துவிட்டுத்தான் போனார்கள்.

பொறுப்புகளும் முறைப்படி பிரிக்கப்பட்டன. வாய் கோணுகிறதா என்று பார்க்க 'முகக் குழு'. தலைவர் தட்டச்சு அம்மா. கை தொய்கிறதா என்று பார்க்க 'கைக் குழு', தலைவர் கணக்காளர். பேச்சு குழறுகிறதா என்று கவனிக்கும் 'பேச்சுக் குழு'வை மேலாளரே எடுத்துக்கொண்டார். பேச்சு என்று வந்துவிட்டால் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. மிச்சமிருந்தது ஆம்புலன்ஸைக் கூப்பிடும் 'போன் குழு'. போன தடவை ஒத்திகையில் எல்லாரும் ஒரே நேரத்தில் போன் போட்டு, வாசலில் ஆம்புலன்ஸ்கள் வரிசைகட்டி நின்று, மேலிடம் விளக்கம் கேட்டிருந்தது. ஆகவே 'இனி ஒருவர் மட்டுமே போன் செய்யலாம்' என்று ஆணை. அந்த ஒருவர் பதவியை ஸ்டோர் கீப்பர் தலையில் கட்டினார்கள்.

அவர் மாட்டேன் என்று சொல்லத் தெரியாத மனிதர். வாரம் முழுக்கப் படம் மாட்டவும் நாற்காலி தூக்கவும் ஓடியதில், தன் பிரஷர் மாத்திரையை விழுங்க அவருக்கு நேரமே கிடைக்கவில்லை. விழிப்புணர்வுக்காக எத்தனை பெரிய தியாகம்!

நிறைவு விழாவில் மேலாளர் பேசிக்கொண்டிருந்தபோது, ஸ்டோர் கீப்பர் கையிலிருந்த டீ கப் நழுவியது. குனிந்து எடுக்கப் பார்த்தார். வலது கை தன் கை மாதிரியே இல்லை. வாயைத் திறந்தார், சொல் வரவில்லை.

"சார், வாய் ஒரு பக்கமா கோணுது! முதல் அறிகுறி!" என்று தட்டச்சு அம்மா துள்ளி எழுந்தார்.

"இருங்கம்மா, கை என்னோட டிபார்ட்மென்ட்" என்று கணக்காளர் குறுக்கே புகுந்தார். "ரெண்டு கையையும் தூக்குங்க... பார்த்தீங்களா, வலது கை விழுது! பிரமாதம்!"

மேலாளர் மைக்கை நீட்டினார். "உங்க பேரைச் சொல்லுங்க."

"ஆ... ழோ..."

"குழறுது. மூணும் கரெக்ட்!"

கைதட்டல் அடங்கச் சற்று நேரமானது. யாரோ தண்ணீர் கொண்டுவர, "குடுக்காதீங்க, புரையேறும்!" என்று அறையே கத்தியது. அதுவும் சரிதான். அவர்களுடைய அறிவில் ஒரு குறை சொல்ல முடியாது.

"அடுத்தது போன். போன் குழுத் தலைவர் எங்கே?" என்றார் மேலாளர்.

எல்லாரும் ஸ்டோர் கீப்பரைப் பார்த்தார்கள்.

"ஐயையோ, அது இவரேதானே சார்!" என்றார் கணக்காளர்.

"துணைத் தலைவர்?"

"நாம போடலையே சார்."

"நீங்க போன் போடுங்களேன்" என்று கணக்காளரிடம் சொன்னார் தட்டச்சு அம்மா.

"நானா? அப்புறம் மேலிடத்துக்கு யார் பதில் சொல்றது?"

மேலாளர் ஆழ்ந்து யோசித்து, ஸ்டோர் கீப்பரின் போனை அவர் கையிலேயே வைத்தார். "மெதுவா முயற்சி பண்ணுங்க. நாங்க எல்லாரும் கூடத்தானே இருக்கோம்!"

வைத்தது வலது கையில். போன் தரையில் விழுந்தது.

"கை அறிகுறி மறுபடியும் உறுதி" என்றார் கணக்காளர்.

பாவம் அந்த மனிதர். யாராவது அந்த ஒரு நம்பரை அழுத்த மாட்டார்களா என்று ஒவ்வொரு முகமாகக் கண்ணாலேயே கெஞ்சினார். எல்லா முகத்திலும் அக்கறை வழிந்தது. போன் பொறுப்பை வேறொருவருக்கு மாற்ற அங்கேயே அவசரக் கூட்டம் கூடியது. முன்மொழிய ஆள் கிடைத்தார், வழிமொழியத்தான் ஆளில்லை.

தரையில் கிடந்த போன் அடித்தது. அவர் மனைவி. மேலாளர் எடுத்தார்.

"பதறாதீங்கம்மா. உங்க வீட்டுக்காரருக்குப் பக்கவாதம். எல்லா அறிகுறியையும் சரியா கண்டுபிடிச்சுட்டோம்."

"ஆம்புலன்ஸ் வந்துச்சா?"

"அதுக்குத்தான் தீர்மானம் போட்டுக்கிட்டிருக்கோம்."

அவள் போனை வைத்துவிட்டுத் தானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

உயிர் பிழைத்தது. வலது கையும் பேச்சும் திரும்புவது சந்தேகம் என்றார் டாக்டர். "இன்னும் சீக்கிரம் கொண்டுவந்திருந்தா சரி பண்ணியிருக்கலாம். ஆரம்பிச்சப்போ பக்கத்துல யாருமே இல்லையா?"

"என்ன டாக்டர் இப்படிக் கேட்டுட்டீங்க?" என்று மேலாளர் நெஞ்சை நிமிர்த்தினார். "முதல்லேர்ந்து நாங்க அத்தனை பேரும் சுத்தி நின்னோம். எல்லாருமே பயிற்சி எடுத்தவங்க!"

மனைவி மரத்துப்போன அந்தக் கையைத் தடவியபடியே சொன்னாள்: "இவரு நடுரோட்டுல விழுந்திருக்கலாம். ஒண்ணும் தெரியாதவங்க யாராவது உடனே தூக்கிட்டு வந்திருப்பாங்க."