இரண்டாம் தூணுக்கு இந்தப் பக்கம்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, தங்கை விட்டுப்போன இரண்டையும் சேர்த்து வளர்த்தது ஆறு. அந்த ஆறு பேரின் பிடிவாதத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டினாலும், எங்கள் ஆஸ்பத்திரி கேட் காவல்காரர் தூண் அண்ணாவின் கால் தூசுக்குக் காணாது.

தாம்பரத்தில் ரயிலேறி, பட்டணத்துப் பெண்கள் ஆஸ்பத்திரிக்கு முப்பது வருஷம் ஆயா வேலைக்குப் போனேன். நூறு வருஷத்துக் கட்டடம். அந்தக் காலத்தில் பெண்கள் திரை போட்ட வண்டியில் வருவார்களாம். உள்ளே டாக்டர் முதற்கொண்டு எல்லாரும் பெண்கள். ஆண்கள் வராந்தாவின் இரண்டாம் தூணோடு நின்றுவிட வேண்டும். அந்தச் சட்டம் எப்போதோ போய், ஆண் டாக்டர்களே வந்துவிட்டார்கள். தூண் அண்ணா மட்டும் தாண்டவில்லை. அதே கேட்டில் வேலை பார்த்த அவருடைய தாத்தாவும் அப்பாவும் தாண்டவில்லையாம்.

தவித்துக்கொண்டு நிற்கும் புருஷன்மார்தான் அவருக்குச் சபை.

"கொழந்த பொறந்துச்சாண்ணா?"

"இருப்பா. மொதல்ல இங்க எத்தினி கட்டில் இருந்துச்சு தெரியுமா?"

கதை மூன்றாவது டாக்டரம்மாவுக்கு வருவதற்குள் குழந்தை பிறந்துவிடும்.

உள்ளே கால் வைக்காதவர் உள்ளே இருப்பதை வர்ணிப்பார் பாருங்கள்! மாடிப்படியில் வெண்கலச் சிங்கம் இருக்கிறதாம்.

"தெனம் நான்தான் தொடைக்கிறேன். சிங்கம் எங்க கீது?" என்றேன்.

"நீ சரியா தொடைக்கலம்மா" என்றார்.

நான் துடைத்த தரையில் முகம் பார்த்துத் தலை வாரலாம். இவருக்கு என்ன தெரியும்!

பிறகு அவருடைய ஒரே மகள் செல்வி பிரசவத்துக்கு வந்தாள். பிள்ளை நல்லபடியாகப் பிறந்தது. அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. பெரிய டாக்டரே வெளியே வந்து, "ஆபரேஷனுக்கு முன்னாடி பொண்ணை ஒரு தரம் பாத்துடுங்க" என்றார். அதற்கு என்ன அர்த்தமென்று எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"போண்ணா! யார் கேக்கப்போறா?" என்றேன்.

தூணைப் பிடித்துக்கொண்டார். "நான் பொறந்தப்போ எங்கம்மா உள்ளதான் செத்துது. அப்பவே எங்கப்பா தாண்டல. நான் எப்டிம்மா தாண்டுவேன்?"

திட்டினோம், கெஞ்சினோம். எனக்குக் காலும் ஓய்ந்தது, வாயும் ஓய்ந்தது. தியேட்டருக்குப் போகிற வழியில், ஆயாக்கள் நாங்கள் நான்கு பேரும் செல்வியின் கட்டிலை வராந்தாப் பக்கம் திருப்பினோம். சிஸ்டர் கத்தினார். "ரெண்டே நிமிஷம் சிஸ்டர்" என்று நான் அவளுக்கு ஏறிக்கொண்டிருந்த ரத்தப் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டேன்.

அவர் நின்ற இடத்திலிருந்தே எக்கி மகளின் கையைப் பிடித்தார்.

"ஏம்பா, ஒரு அடி வெச்சா கொறஞ்சா பூடுவ?" என்றாள் செல்வி. குரலே இல்லை அவளுக்கு.

கட்டிலைத் தள்ளினோம். அவர் கையை விடவில்லை. கட்டிலோடு நடந்தார். தூண் பின்னால் போனது. தியேட்டர் கதவு வரை வந்தார்.

செல்வி பிழைத்தாள். மறுநாள் கேட்டில் நின்றுகொண்டு, "நான் எங்க தாண்டினேன்?" என்றார்.

"நீ தாண்டலண்ணா" என்றோம், நான்கு பேரும்.

அவர் போய்ச் சேர்ந்து நாலு வருஷமாகிறது. ஸ்டெல்லா, பாட்டி சொல்லச் சொல்ல நீ எழுதினதைப் படித்துக் காட்டு கண்ணு. மெதுவாகப் படி. அவர் கதை சொல்லும்போதெல்லாம் வேலை கிடக்கிறதென்று பாதியில் எழுந்து போனவள் நான்.