பதினெட்டு வருஷம் பரிசீலனையில் இருந்த கம்ப்யூட்டர்

குளத்தூர், கேரளம்,
சிங்ஙம் (ஆவணி) மூன்றாம் தேதி.

பெங்களூரில் உத்தியோகம் பார்க்கும் மகன் அரவிந்துக்கு, அப்பா கைலாசம் எழுதுவது. இங்கே நானும் உன் அம்மையும் சர்க்கரை, பிரஷர் இரண்டையும் கட்டுக்குள் வைத்துக்கொண்டு சுகமாக இருக்கிறோம். அங்கே நீயும் நேரத்துக்குச் சாப்பிட்டு, வாரம் ஒரு நாளாவது தலையில் எண்ணெய் வைத்து, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். எண்ணெய் விஷயத்தில் உன் அம்மைக்கு நம்பிக்கை இல்லை என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

பொருள்: கேமிங் கம்ப்யூட்டர் – பாகங்கள் மற்றும் ஆபரேட்டிங் சிஸ்டம் தேர்வு – தொடர்பாக.

பார்வை: 1. பிளஸ் ஒன் படிக்கையில் நீ எனக்குக் கொடுத்த மனு, 2007. 2. போன மாதம் நீ உன் அம்மையிடம் போனில் சொன்ன ஒரு வாக்கியம்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நீ ‘ம்’ என்பாய், நான் ‘சரி’ என்பேன், பிறகு அம்மையிடம் கொடுத்துவிடுவேன். நமக்குள் அதற்குமேல் பேச்சு நடந்ததாக ரிக்கார்டு இல்லை. எழுத்தில் என்றால் எனக்கு முப்பத்தொரு வருஷப் பழக்கம்.

முதலில் அந்த இரண்டாம் பார்வை. “ஓணத்துக்கு ரெண்டு வாரம் லீவு உண்டு. ஆனா நான் ஒண்ணரை நாளு வாறேன். வீட்டுல வந்து என்ன செய்ய? அங்க என்ன இருக்கு?” என்று நீ அம்மையிடம் கேட்டாய். அவள் எப்போதும் ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவாள், நான் பக்கத்தில்தான் இருந்தேன். வீட்டில் என்ன இருக்கிறது என்று கேட்டால், பஞ்சாயத்து ஆபீசில் ஸ்டாக் ரிஜிஸ்டர் பார்த்தவன் என்ன செய்வான்? நோட்டை எடுத்து எழுதினேன். கட்டில் மூன்று. கிரைண்டர் ஒன்று, ஓடாது. பிலாவு மரம் இரண்டு. அப்பா ஒன்று, அம்மை ஒன்று. எழுதி முடித்து வாசித்துப் பார்த்தால், முப்பத்திநாலு வயசுக்காரன் ஒருவன் ரெண்டு வாரம் நிற்கிறதுக்கு அதில் ஒன்றுமில்லை என்று எனக்கே தெரிந்தது.

உன் அம்மைதான் சொன்னாள்: “அவனுக்கு அந்த கேம் வெளையாடுத பெட்டி இங்க இருந்தா நிப்பானாக்கும். அங்கயும் ஜோலி விட்டா அதுக்க முன்னாலதானே கெடக்கான்.”

சரி என்று புது ஃபைல் ஒன்று தொடங்க இரும்பு அலமாரியைத் திறந்தேன். அதற்குள் கிடந்தது முதலாம் பார்வை. சைக்கிள் வேண்டுமா, பந்து வேண்டுமா, எதுவானாலும் எழுத்தில் கொடு என்று உன்னை நான் வளர்த்தேன் அல்லவா? ‘மரியாதைக்குரிய அப்பா அவர்கள் சமூகத்துக்கு, எனக்கு ஒரு கம்ப்யூட்டர் வாங்கித் தரும்படி பணிவோடு கேட்டுக்கொள்கிறேன், படிப்பு முடிந்த பிறகே விளையாடுவேன்’ என்று அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருக்கிறாய். ஓரத்தில் என் கையெழுத்து: ‘பரிசீலனையில்’. கீழே தேதி. அவ்வளவுதான். எத்தனை கோப்புகளை முடித்து வைத்தவன் நான், இது மட்டும் முடியாமலே கிடந்திருக்கிறது. அதற்குப் பிறகு நீ எனக்கு ஒரு மனுவும் தரவில்லை மக்கா. அன்று அதை நான் கவனிக்கவில்லை. இப்போது கவனிக்கிறேன்.

ஆகவே முறைப்படி தொடங்கினேன். ‘ஒன் பெட்டிக்குள்ள என்னெல்லாம் உண்டு மக்கா’ என்று அம்மை கேட்டாளே, நீயும் சிரித்துக்கொண்டே எட்டுப் பாகங்களின் பேரை எழுதி அனுப்பினாயே, அது அவள் கேட்டதல்ல, நான் கேட்கச் சொன்னது. புராசசர், மதர்போர்டு, ரேம், கிராபிக்ஸ் கார்டு, எஸ்.எஸ்.டி., பவர் சப்ளை, கேபினெட், லிக்விட் கூலர். எட்டையும் வெள்ளைத்தாளில் எழுதி, பாறசாலையில் ஒரு கடை, நெய்யாற்றின்கரையில் ஒரு கடை, எல்லை தாண்டிக் களியக்காவிளையில் ஒரு கடை என்று மூன்று இடத்தில் மூடிய கவரில் கொட்டேஷன் கேட்டேன். பாறசாலைக் கடை உன்னோடு படித்த ராபின்சனுடையது, சபையில் கீபோர்டு வாசிப்பானே, அவன்தான். அவன் தாளைப் பார்த்ததுமே, “சாரே, ஒரு காரியம் சொல்லட்டா, இதெல்லாம் தனித்தனியா...” என்று தொடங்கினான். “கொட்டேஷன் தருகிறவனோடு வாய்ப்பேச்சு கிடையாது, எதுவானாலும் எழுத்தில் கொடு” என்றேன். அவனும் எழுத்தில் கொடுத்தான், மலையாளத்தில், ஒரு பக்கம். அதை ஃபைலில் வைத்தேன். வாசிக்கவில்லை. ஃபைலில் வைத்ததை வாசிக்கிற வழக்கம் நமக்கு இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணிக்கு, உன் அம்மையும் பிளம்பர் பொன்னப்பனும் சாட்சியாக நிற்க, கவர்களைப் பிரித்தேன். ஒவ்வொரு பொருளுக்கும் எவன் குறைவாகப் போட்டானோ அவனுக்கே ஆர்டர், அதுதான் சட்டம். புராசசர் களியக்காவிளைக்குப் போயிற்று, மதர்போர்டு நெய்யாற்றின்கரைக்குப் போயிற்று, கிராபிக்ஸ் கார்டு ராபின்சனுக்கு, கேபினெட் மறுபடியும் களியக்காவிளைக்கு. பொன்னப்பனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பாய். எட்டாவது அயிட்டம் லிக்விட் கூலர். லிக்விட் என்றால் வெள்ளம், வெள்ளம் என்றால் கனெக்‌ஷன், கனெக்‌ஷன் என்றால் பொன்னப்பன். “சாரே, டாங்கிலேருந்து நேரே அரை இஞ்சு பைப்பு இழுத்துரலாம், பிரஷர் நல்லா உண்டு” என்று அவன் சொல்ல, நான் தலையாட்டி முடிக்கும் முன்னே உன் அறைச் சுவரில் டிரில் இறங்கிவிட்டது. பிறகுதான் தெரிந்தது, வெள்ளம் அதற்குள்ளேயே அடைத்து வருமாம், வெளியிலிருந்து ஒரு சொட்டு வேண்டாமாம். உன் அறையில் இப்போது ஒரு ஓட்டை உண்டு. அதன் வழியாகப் பார்த்தால் அடுத்த வீட்டு விஜயம்மாவின் கோழிக்கூடு தெரியும்.

எல்லாம் வந்து சேர்ந்து, உன் மேசையில் பழைய வேட்டியை விரித்து, நானும் பொன்னப்பனும் பூட்ட உட்கார்ந்தோம். களியக்காவிளைப் புராசசருக்கு அடியில் குச்சி குச்சியாகக் கால். நெய்யாற்றின்கரை மதர்போர்டில் அது உட்கார வேண்டிய இடத்திலும் குச்சி குச்சியாகக் கால். காலும் காலும் எப்படிச் சேரும்? “ஒண்ணு அமுக்கிப் பாப்பமா சாரே?” என்றான். “எலே, தொடாதே!” என்று கத்தினேன். சரி, அது கிடக்கட்டும் என்று கிராபிக்ஸ் கார்டை எடுத்தால், அது கேபினெட்டை விட நாலு விரல்கடை நீளம். பொன்னப்பன் சிரித்தான். “கட்டர் வண்டியிலேயே கெடக்கு சாரே, ஒரு நிமிஷம்.” “பெட்டியை வெட்டவா, கார்டை வெட்டவா?” என்று கேட்டேன். “எது வெல கொறவோ அத” என்றான். என் சட்டத்தையே எனக்குச் சொல்லிக் காட்டுகிறான்.

அந்த நேரம் பார்த்து உன் அம்மை சாயாவோடு வந்தாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். “இது ரெண்டுக்கும் பொருத்தம் பாத்தியளா?” என்று கேட்டாள்.

“என்ன பொருத்தம்? ஒவ்வொண்ணுக்கும் மூணு எடத்துல கொட்டேஷன் பாத்தாச்சு.”

“ஒவ்வொண்ணும் நல்லதாக்கும், ஆரு இல்லேண்ணு சொன்னா? தம்மில சேருமாண்ணு கேட்டேன். நம்ம பயலுக்கு எம்புட்டு நல்ல நல்ல ஜாதகம் வந்து, சேராதுண்ணு நீங்களே திருப்பி அனுப்பிட்டிய. மனுசனுக்குப் பாக்குத பொருத்தம் பெட்டிக்கு வேண்டாமா?”

ஃபைலை எடுத்து ராபின்சன் தந்த காகிதத்தைப் பிரித்தேன். முதல் வரியே அதுதான்: எல்லாம் ஒன்றோடொன்று சேரவேண்டும், தயவுசெய்து தனித்தனியாக வாங்கவேண்டாம், அரவிந்துக்கு என்றால் நானே பார்த்துச் சேர்த்துத் தருகிறேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருவன் சொல்ல வருவதை முழுக்கக் கேட்காமல் எழுத்தில் கொடு என்று சொல்வது எனக்கு எவ்வளவு பெரிய வியாதி என்று அன்றுதான் தெரிந்தது. உன் விஷயத்திலும் அதுதானே நடந்தது?

எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றிப் பாறசாலைக்குப் போனோம். ராபின்சன் மற்ற இரண்டு கடைக்கும் போன் பண்ணி, மாற்ற வேண்டியதை மாற்றி, பொறுமையாகப் பூட்டினான். “இதற்கு முறைப்படி மறு டெண்டர்...” என்று நான் தொடங்கினேன். உன் அம்மை என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் பர்ஸை எடுத்தேன்.

அடுத்த கேள்வி, “ஓ.எஸ். எது சாரே?” யோசிக்கவே வேண்டாம், லினக்ஸ் என்றேன். ஆபீசில் நான் பார்த்த கம்ப்யூட்டரெல்லாம் அதுதான். இலவசம், ஆடிட்டில் கேள்வி வராது, திரையில் அந்தப் பெங்குவின் வேறு அடக்க ஒடுக்கமாக உட்கார்ந்திருக்கும்.

“அரவிந்து வெளையாடுத கேம் அதுல ஓடாது சாரே. ஆளு ஏமாத்திக் கள்ளக்களி களிக்கானாண்ணு பாக்குத ஒரு சாதனம் கேமுக்குள்ள உண்டு. அது லினக்ஸுல வேலை செய்யாது.”

“என் மகன் கள்ளக்களி களிக்கமாட்டான். வேணும்னா நான் கையெழுத்துப் போட்டு எழுதித் தாறேன்.”

“அதுக்க கிட்ட ஒங்க கையெழுத்து செல்லாது சாரே. விண்டோஸ் போடணும். காசு வேண்டாம், கிராக்கு ஒண்ணு கெடக்கு, எல்லாரும் அதத்தான் போடுதாவ.”

“எலே ராபின்சா, தட்டுக்கடைக்காரனிடமே லைசென்ஸ் கேட்டவன் நான். ரிட்டயர் ஆன பிறகு என் வீட்டுக்குள்ளே லைசென்ஸ் இல்லாத ஜன்னலா?” என்று சொல்லி, லைசென்ஸோடு வாங்கினேன். ஆனாலும் பெங்குவினை விட்டுவிட மனசு வரவில்லை. இரண்டு பக்கத்து நியாயத்தையும் எழுதி எழுதி மூன்று நாள் ஃபைல் நகரவே இல்லை. கடைசியில் ராபின்சன்தான் முடித்து வைத்தான். “சாரே, நம்ம வீட்டுல தமிழு, ஆபீசுல மலையாளம். நமக்கு ரெண்டு ஆகுமெங்கி பெட்டிக்கு ஆகாதா? ரெண்டயும் போடுவம். பெட்டிய ஓண் பண்ணுதப்போ அதுவே கேக்கும், எது வேணும்ணு.” இப்போது அப்படியே கேட்கிறது. அரசாங்க ஆபீசில்கூட இவ்வளவு மரியாதையாக யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

பெட்டி உன் அறையில் இருக்கிறது. ஓடுகிறது. உள்ளே கலர் கலராக விளக்கு எரிகிறதைப் பார்த்துவிட்டு எந்தக் கோயில் கொடைத் திருவிழாவுக்கு என்று விஜயம்மா கேட்டாள். பொன்னப்பன் போட்ட ஓட்டையும் வீணாகவில்லை, இன்டர்நெட் கேபிள் அந்த வழியாகத்தான் வருகிறது. தூசி விழாமல் புதுத் துவர்த்துத் துண்டு ஒன்று போட்டு மூடி வைத்திருக்கிறேன். உன்னைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக்கூடாது என்று வீட்டில் உத்தரவு போட்டாயிற்று.

உன் மனுவையும் முடித்துவிட்டேன். ‘பரிசீலனையில்’ என்பதற்குக் கீழே, ‘அனுமதிக்கப்பட்டது. தாமதத்துக்கு மனுதாரரிடம் வருத்தம் தெரிவிக்கப்படுகிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டு இருந்திருந்தால் இரண்டாவது வாக்கியத்தை அடித்திருப்பார். அடித்தாலும் நான் மறுபடி எழுதுவேன்.

ஆகவே மக்கா, நீ வா. ரெண்டு வாரமும் நில்லு. நான் ஜாதகத்தை எடுக்கமாட்டேன், அதைப் பூட்டிச் சாவியை ராபின்சனிடம் கொடுத்தாயிற்று. என்னோடு உட்கார்ந்து பேச வேண்டும் என்றுகூட இல்லை. நீ கதவைச் சாத்திக்கொண்டு விளையாடு. உள்ளே நீ இருக்கிற சத்தம் கேட்டால் எனக்கு அது போதும்.

உனக்கு லீவும், ரயிலில் சீட்டும், தலையில் எண்ணெயும் குறைவில்லாமல் கிடைக்கச் சிவன் அருளட்டும். உன் ஆபீசில் பக்கத்து மேசைக்காரர்களுக்கும் என் விசாரிப்பைச் சொல்லவும்.

இப்படிக்கு,
உன் அப்பா,
பி. கைலாசம் (ஓய்வு)

பின்குறிப்பு: இதை எழுதிக் கவரில் போட்டு ஐந்து நாள் ஆகிறது, தபாலில் சேர்க்கவில்லை. காரணம் பின்வருமாறு. பெட்டி சரியாக ஓடுகிறதா என்று பார்க்க, பெங்குவின் பக்கத்தில் லாரி ஓட்டுகிற கேம் ஒன்றை ராபின்சன் போட்டுக் கொடுத்தான். ‘ஒரு நிமிஷம் பாக்கட்டு’ என்று உட்கார்ந்த உன் அம்மை இன்னும் எழுந்திருக்கவில்லை. ஸ்கூட்டரில் என் பின்னால் உட்காரவே பயப்படுகிறவள், இந்த நிமிஷம் ஜெர்மனியில் எங்கேயோ லாரி நிறைய மரத்தடிகளை ஏற்றிக்கொண்டு போகிறாள். துவர்த்து இப்போது அவள் தோளில் கிடக்கிறது. எனக்கு மூன்று நாளாக ரசம் மட்டும். ஆகவே மேலே சொன்ன அனுமதி, மறு உத்தரவு வரும்வரை நிறுத்தி வைக்கப்படுகிறது. வரும்போது உன் பெங்களூர்க் கேம் பெட்டியையும் தூக்கிக்கொண்டு வா என்கிறாள், ரெண்டு லாரி சேர்ந்து போனால் வழியில் பேச்சுத்துணைக்கு ஆச்சாம். இந்தப் பெட்டிதான் வேண்டுமென்றால் நீ அவளிடம் எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். நானும் நேற்று ஒன்று கொடுத்தேன், அரை மணி நேரம் ஓட்டத் தரும்படி. ரோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே பேனாவை வாங்கி, ஓரத்தில் ‘பரிசீலனையில்’ என்று எழுதித் தந்தாள்.