வேர்கள் கொடுத்த சர்க்கரை

உஸ்ஸ்ஸ்! முதலில் சீறல்தான் கேட்டது. பிறகு வெள்ளை ஆவி. ஆவிக்குள்ளிருந்து கடைசியாக, கையுறை மாட்டிய இயக்குநர் வெளிப்பட்டார். அரசு நாற்றுப் பண்ணையில் மண்ணை வேகவைத்துக்கொண்டிருந்தார்கள்.

காரணம் சாதாரணமானது. எதையும் படிக்காமல் கையெழுத்திடும் இயக்குநருக்கு அன்று பேனா கிடைக்கவில்லை. ஆகவே ஆய்வுக்கூட அறிக்கையைப் படித்துவிட்டார்: துவரைச் செடியின் வேர் மண்ணிலுள்ள நுண்ணுயிர்களுக்குச் சர்க்கரை தருகிறது, பதிலுக்கு அவை காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்துத் தருகின்றன.

"இது லஞ்சம்!"

"ஐயா, அது காலங்காலமா நடக்கறதுங்க" என்றாள் தோட்டக்காரம்மா.

"எந்த லஞ்சம்மா நேத்து ஆரம்பிச்சது?"

உடனே தொட்டிதோறும் அறிவிப்பு ஒட்டப்பட்டது: 'அரசு மண்ணில் முன்னனுமதியின்றி வசித்துவரும் சகல நுண்ணுயிர்களும் ஏழு நாட்களுக்குள் தாமாகவே வெளியேறுமாறு இதனால் ஆணையிடப்படுகிறது.' ஒன்றுகூட வெளியேறவில்லை. விளக்கமும் தரவில்லை. ஆகவே ஆவி.

'நேர்மையான மண்' என்ற பெயரில் வெந்த மண் ஊரையே பிடித்துக்கொண்டது. மாதர் சங்கத் தலைவி, வேகாத மண் இருக்கும் வீட்டில் காபி குடிக்க மறுத்தார். நாங்களும் ஆளுக்கொரு தொட்டி வாங்கி, வரவேற்பறையில் ரிப்பன் கட்டி வைத்தோம். அதில் எதுவும் முளைக்கவில்லை. ஆனால் பார்க்க அவ்வளவு சுத்தம்!

பண்ணையில் நானூறு துவரைக் கன்றுகளும் வெளிறிப் போயின. சரிந்துவரும் குன்றில் நட வேண்டிய கன்றுகள்.

"பசியில வாடுதுங்க ஐயா."

"பசின்னா முறைப்படி விண்ணப்பிக்கட்டும். மூணு பிரதி. அடுத்த மாசம் மந்திரி வர்றார். கன்று செத்துச்சுன்னா உன் தற்காலிக வேலையும் போச்சு, தெரிஞ்சுக்கோ."

தோட்டக்காரம்மா கருவி அறைக்குப் போனாள். அங்கே, கிழிந்த சாக்குக்கு அடியில், வேகாத மண் ஒரு வாளி ஒளித்து வைத்திருந்தாள். தண்ணீர் ஊற்றும் சாக்கில் தொட்டிக்கு ஒரு சிட்டிகை போட்டுக்கொண்டே போனாள்.

ஒரே மாதத்தில் கன்றுகள் பச்சைப் பசேலென்று நின்றன. லஞ்சமில்லாமலே செடி வளரும் என்று நிரூபித்ததற்காக மந்திரி இயக்குநருக்குப் பதக்கம் குத்தினார். குத்திய கையோடு இரண்டு கன்றுகளைத் தன் வீட்டுக்கும் ஏற்றச் சொன்னார்.

மறுநாள் அவள் அலுவலக ஜன்னலுக்குப் போனாள். அவளை நிரந்தரமாக்கும் கோப்பு ஆறு வருடமாக அங்கேதான் இருந்தது.

"போன வாரம் ஒரு டப்பா இனிப்பு குடுத்தேனே சார்?"

"அது மேஜை மாறுறதுக்கும்மா. கையெழுத்துக்கு இன்னொண்ணு வேணாமா?" என்றார் எழுத்தர்.

"நீங்க மண்ணோட வேகவச்சீங்களே சார், அதுங்க வாங்கினா வேலையை முடிச்சுக் குடுத்துச்சுங்க."

வரிசையில் நின்ற நாங்கள் எல்லாரும் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தோம். எங்கள் கையிலிருந்த டப்பாக்களும் சேர்ந்து குலுங்கின.

அவள் மட்டும் சிரிக்கவில்லை. பண்ணைக்குத் திரும்பி, பூவாளியை நிரப்பி, முதல் தொட்டியிலிருந்து தண்ணீர் ஊற்ற ஆரம்பித்தாள்.